ஆளுக்கொரு குரல்

"ஆண்டவர் எல்லார் காதுலயும் ஒரே விஷயத்தைத்தான் சொல்வாரா, இல்ல ஆளுக்கு ஒண்ணு சொல்வாராம்மா?"

ஹெப்சியின் மகள் ஆறு வயதில் இப்படிக் கேட்டாள். ஞாயிறு ஆராதனை முடிந்து காரில் திரும்பிக்கொண்டிருந்த நேரம். "எல்லாருக்கும் ஒண்ணுதான் சொல்வார். கேக்குறவங்கதான் ஆளுக்கு ஒரு மாதிரி கேட்டுக்கிறாங்க" என்று ஹெப்சி சொல்லிவைத்தாள். மகள் இப்போது வேறு ஊரில் கல்லூரியில் படிக்கிறாள். அந்தப் பழைய கேள்வி ஒரு மே மாதக் காலையில், யூட்டா பாலைவனத்தின் செம்பாறைப் பள்ளத்தாக்கு வாசலில், காதுக்குள் குரல் பேசும் ஒரு சின்ன மணியைப் பொருத்திக்கொண்டபோது ஹெப்சிக்கு நினைவுக்கு வந்தது.

முந்தைய மூன்று கோடைகளில் அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்குகளில் பலர் வெயிலில் சுருண்டு விழுந்து இறந்துபோனார்கள். அதன்பின் இந்தக் கருவி இல்லாமல் யாரையும் உள்ளே விடக் கூடாது என்று சட்டம் வந்தது. மணிக்கட்டில் ஒரு பட்டை, தண்ணீர்ப் பாட்டிலுக்கு டம்ளர் அளவில் ஒரு மூடி, காதில் ஒரு மணி. பட்டை உடம்பைக் கவனிக்கும். மூடி தண்ணீரைக் கவனிக்கும். மணி அவரவர் தாய்மொழியில், அவரவர் காதில் மட்டும், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும்.

"காதுக்காரி வந்துட்டா" என்றார் நாயகம். அம்பாசமுத்திரத்துக்காரர், பீனிக்ஸில் கார் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர். எதற்கும் ஒரு பெயர் வைக்காமல் இருக்க மாட்டார். "நம்ம ஊர்ல ஒருத்தி எல்லார் வீட்டுக்கும் போய் ஆளுக்கு ஒண்ணு ஓதிட்டு வருவாளே, அவ மாதிரிதான் இதுவும்."

"காரணத்தையும் சேர்த்துச் சொன்னா நல்லா இருக்கும்" என்றாள் தில்ஷாத். கீழக்கரையில் பிறந்தவள். ஹெப்சிக்கு இருபது வருடத் தோழி.

"சொல்லாதுக்கா" என்றான் வைத்தி. "ஒருத்தர் உடம்பு விஷயத்தை இன்னொருத்தருக்குச் சொல்லக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. அதனால எல்லாருக்கும் உத்தரவு மட்டும்தான் வரும்."

அவனுக்குத் தெரியும். அந்தக் கருவியைச் செய்யும் கம்பெனியில்தான் அவனுக்கு வேலை. இவர்களது சனிக்கிழமை நடைக் கூட்டத்தில் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. முப்பத்தைந்து வயதிருக்கும். கேட்டால் ஒழியப் பேச மாட்டான். குழுவுக்கு ஒரு தலைவர் பெயர் பதிய வேண்டும் என்றதும், உனக்குத்தான் இதெல்லாம் தெரியும் என்று மூன்று பேரும் அவனைக் கைகாட்டிவிட்டார்கள். அவன் ஏதோ ஒரு பக்கத்தை நெடுநேரம் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.

விடிந்த கையோடு இறங்கினார்கள். ஏழு மைல் உள்ளே போய், ஒரு குறுகலான இடுக்கு வழியாக நுழைந்து மேலே ஏறினால் மறுபக்கம் சாலை வந்துவிடும். இரண்டு பக்கமும் தேவாலயச் சுவர் போல நிமிர்ந்த பாறை. வெயில் ஏற ஏற அதன் நிறம் செங்கல்லிலிருந்து தீக்கங்குக்கு மாறிக்கொண்டே போனது. ஹெப்சி மனதுக்குள் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே நடந்தாள்.

ஹெப்சிக்கு ஒரு பழக்கம் உண்டு. பயணம் போனால் தண்ணீர் குடிக்க மாட்டாள். பள்ளிக்கூடக் காலத்தில் பாளையங்கோட்டையிலிருந்து பஸ் ஏறும்போது தொடங்கியது அது. வழியில் பெண்பிள்ளை ஒதுங்க எங்கே இடமிருக்கிறது என்று நாக்கை நனைப்பதோடு நிறுத்திக்கொள்வாள். இத்தனைக்கும் அவள் வேலை பார்ப்பது டயாலிசிஸ் பிரிவில். சிறுநீரகம் போனவர்களிடம் தண்ணீரைப் பற்றிப் பதினெட்டு வருடமாக உபதேசம் செய்கிறவள். ஐம்பத்தொரு வயதில், இரண்டு ஆண்கள் முன்னும் பின்னும் நடக்க, மறைவுக்கு ஒரு புதர்கூட இல்லாத பாறைவெளியில், உபதேசம் எதுவும் உதவவில்லை.

காதுக்காரி விடுவதாக இல்லை. "தண்ணீர் குடியுங்கள். இப்போது இருநூறு மில்லி குடியுங்கள்." கால் மணிக்கொரு தரம். நாலைந்து முறை பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒரு திருப்பத்தில் பின்தங்கி, பாட்டிலைச் சாய்த்து ஒரு முள்செடியின் அடியில் ஊற்றினாள். குரல் அடங்கியது. செடிக்காவது போகட்டுமே என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். அடுத்த திருப்பத்திலும் அப்படியே செய்தாள். அதற்கடுத்ததிலும்.

பத்து மணிக்கு வைத்தி அவள் பக்கத்தில் வந்தான். "அக்கா, தண்ணி குடிக்கிறீங்களா?"

"குடிச்சிட்டுத்தானே வர்றேன் தம்பி."

கொஞ்ச நேரத்தில் அவன் ஓர் ஆரஞ்சை உரித்து நீட்டினான். அதற்கப்புறம் உப்புத் தடவிய வெள்ளரித் துண்டு. அதற்கப்புறம் மறுபடி ஆரஞ்சு. எதற்கு இவன் என்னையே சுற்றி வருகிறான் என்று ஹெப்சிக்குப் பட்டது.

பத்தரைக்கு அந்தக் குரல் அவளிடம் புதிதாக ஒன்று சொன்னது. "குழுவின் தண்ணீர் எதிர்பார்த்ததைவிட வேகமாகக் குறைகிறது. உங்கள் பாட்டிலை உங்கள் பார்வையிலேயே வைத்திருங்கள்."

ஹெப்சி சட்டென்று மற்றவர்களைப் பார்த்தாள். நாயகம் பையின் பக்கப்பையிலிருந்த பாட்டிலை எடுத்து உள்ளே திணித்து ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தார். தில்ஷாத் தன் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டாள். வைத்தி மட்டும் எதுவும் செய்யவில்லை. இவனுக்கு மட்டும் குரல் வரவில்லையா? இல்லை, வந்தும் கவலைப்படவில்லையா? செடிக்கு ஊற்றிய தண்ணீர் அவள் நினைப்புக்கே வரவில்லை. அது தன்னுடையது, தன் இஷ்டம். குரல் சொல்வது வேறு யாரோ ஒருவரைப் பற்றி.

பதினொரு மணிக்கு ஒரு பாறைக் குடையின் நிழலில் சாப்பிட உட்கார்ந்தார்கள். வழக்கமாக எல்லாவற்றையும் நடுவில் பரப்பி, யார் டப்பாவில் யார் கை என்று தெரியாமல் சாப்பிடுவார்கள். அன்று அவரவர் டப்பா அவரவர் மடியில் இருந்தது. தில்ஷாத் கொண்டுவந்த தொதல் அல்வா மட்டும் ஒரு சுற்று வந்தது. நாயகம்கூட ஜோக் அடிக்கவில்லை.

சாப்பிட்டதும் ஹெப்சிக்குத் தலை சுற்றுவது போலிருந்தது. பையைத் தலைமாட்டில் வைத்துச் சாய்ந்தாள். தூங்கிவிட்டாள் போல. இமை லேசாகப் பிரிந்தபோது ஒரு கை தெரிந்தது. வைத்தியின் கை. அது அவள் பையின் பக்கவாட்டில் இருந்தது. பாட்டில் உரசும் சத்தம். பிறகு அவன் ஓசைப்படாமல் எழுந்து போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டான்.

எழுந்து பாட்டிலைத் தூக்கிப் பார்த்திருக்கலாம். எவ்வளவு மிச்சம் என்று குரலைக் கேட்டிருக்கலாம். கேட்டால் மறுபடி குடி குடி என்று ஆரம்பிக்கும். அதோடு, கண்ணால் பார்த்ததே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

மறுபடி நடக்கத் தொடங்கியபோது பை கனத்தது; களைப்பு என்று எண்ணிக்கொண்டு, பார்த்ததைத் தில்ஷாத்தின் காதோடு சொன்னாள். தில்ஷாத் நாயகத்திடம் சொன்னாள். அதன்பின் நாயகம் வைத்திக்குப் பின்னாலேயே நடந்து வந்தார்.

"தம்பி, அந்தக் கருவியச் செஞ்சவங்களுக்கு அத ஏமாத்தவும் தெரிஞ்சிருக்கும், என்ன?"

"அப்படியெல்லாம் முடியாதுண்ணே."

"சும்மா கேட்டேன்வே. பொது அறிவுக்கு."

நண்பகலுக்குக் குறுகலான இடுக்கை அடைந்தார்கள். அங்கே வழி இல்லை. போன வாரத்து மழையில் உருண்டு வந்த ஒரு பெரும்பாறை, புட்டிக்குத் தக்கை வைத்தாற்போல இடுக்கின் வாயில் சிக்கியிருந்தது. சாலை மேலே எங்கோ இருக்கிறது. திரும்பினால் ஏழு மைல், நாற்பத்து மூன்று டிகிரி வெயிலில்.

நான்கு காதுகளிலும் குரல் பேசிக்கொண்டிருந்தது.

ஹெப்சிக்கு வந்தது இது: "நிழலில் உட்காருங்கள். மற்றவர்களைப் பின்தொடர வேண்டாம். உதவி வர ஐந்து மணி நேரம் ஆகலாம்."

அவள் தில்ஷாத்தைப் பார்த்தாள். "உனக்கு என்ன சொல்லுச்சு?"

"ஒண்ணும் சொல்லல" என்றாள் தில்ஷாத். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

இருபது வருடத்தில் தில்ஷாத் அவளிடம் பொய் சொல்லி ஹெப்சி பார்த்ததில்லை. அதனாலேயே அது பொய் என்று உடனே தெரிந்துவிட்டது. பயம் வந்தது. பயம் வந்ததும் அதை யார்மேலாவது இறக்கிவைக்க வேண்டியிருந்தது.

"இவன் என் தண்ணிய எடுத்தான்" என்றாள். "நான் பாத்தேன்."

நாயகம் கையை நீட்டினார். "பையைக் குடு தம்பி."

வைத்தி கொடுத்தான். நாலு லிட்டர் பாட்டிலை நாயகம் தலைகீழாகக் கவிழ்த்தார். இரண்டு சொட்டு விழுந்து மணலில் மறைந்தது.

"நாலு லிட்டரும் எங்க போச்சு?"

"தீந்துபோச்சுண்ணே."

"அக்கா பையில கைய வச்சியா இல்லியா?"

வைத்தி ஹெப்சியை ஒரு கணம் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லாததுதான் அவளுக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது. "வச்சேன்" என்றான்.

"பேஷ்" என்றார் நாயகம். "கம்பெனில இதுக்குத்தான் பயிற்சி குடுத்தாங்களா?" பிறகு பெண்கள் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தினார். "தில்ஷாத், நாம ரெண்டு பேரும் கிளம்பலாம். உனக்கும் அதத்தானே சொல்லுது."

"நீங்க போங்க. நான் அக்கா கூட இருக்கேன்" என்றான் வைத்தி.

"இவன்கூட நான் தனியா இருக்க மாட்டேன்" என்றாள் ஹெப்சி.

அப்போது தில்ஷாத் காதிலிருந்து மணியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டாள். அவள் கண்கள் நிறைந்திருந்தன. "உன்ன இங்க விட்டுட்டுப் போகச் சொல்லுதுடி. இப்பவே, திரும்பிப் பாக்காமப் போங்கன்னு சொல்லுது. நான் ரெண்டு அடி எடுத்தும் வச்சிட்டேன். அல்லாஹ் மன்னிக்கணும்."

"எனக்கும் அதான்" என்றார் நாயகம்.

"எனக்கும்" என்றான் வைத்தி.

ஹெப்சி தனக்கு வந்ததைச் சொன்னாள். சொல்லி முடித்ததும் நான்கு பேருக்கும் ஒரே மாதிரி வெட்கமாகிப்போனது. குரல் ஏன் அப்படிப் பிரித்துச் சொன்னது என்று ஹெப்சிக்கு விளங்கவில்லை. ஆனால் யாரையும் விட்டுவிட்டுப் போவதில்லை என்று மட்டும் முடிவாயிற்று. மூன்று மணிக்கு மேற்குச் சுவரின் நிழல் தரைக்கு இறங்கும். அதுவரை உட்கார்ந்திருந்துவிட்டு, நிழலோடு நிழலாகச் சேர்ந்தே நடப்பது. தண்ணீரை ஒன்றாக்கி, மூடியால் அளந்து ஆளுக்கு ஒரு மூடியாகக் குடிப்பது.

நாயகம் தன் பாட்டிலை வைத்தார். கால் பங்கு இருந்தது. தில்ஷாத்துடையதில் அதைவிடக் கொஞ்சம் கூட. ஹெப்சி தன்னுடையதை எடுக்கத் தயங்கினாள். எத்தனை செடிகள் என்று அவளுக்கே மறந்துவிட்டது. அடியில் ஒரு டம்ளர் இருந்தால் அதிகம். நாயகமே அவள் பையிலிருந்து அதை உருவினார்.

"அடேயப்பா" என்றார், கையில் தூக்கிப் பார்த்து. "முக்கால் பாட்டில் இருக்கு. பாத்தீங்களா, அக்கா எப்படிச் சேத்து வச்சிருக்காங்கன்னு. இவங்களாலதான் இன்னிக்கு நாம வீடு போய்ச் சேரப் போறோம்."

மற்ற இருவருக்கும் அது வெறும் முக்கால் பாட்டில். அதில் இருக்க முடியாத தண்ணீர் அது என்று அந்த இடத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஹெப்சி வைத்தியைப் பார்த்தாள். அவன் குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான். ஏற்கெனவே கட்டியிருந்த நாடா.

இப்போதே சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். அதற்குள் நாயகம் ஆளுக்கு ஒரு மூடி ஊற்றினார். வைத்தியின் முறை வந்தபோது அரை மூடியோடு நிறுத்தினார். "நீதான் முன்னாடியே குடிச்சாச்சே." வைத்தி அந்த அரை மூடியை வாங்கிக் குடித்தான். ஹெப்சி அதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மணிக்குக் கிளம்பி ஏழு மைல் நடந்தார்கள். ஒவ்வொரு மைலிலும் மூடி வந்தது. ஒவ்வொரு முறையும் அவனுக்கு அரை. ஒவ்வொரு முறையும் அவள் அடுத்த மைலில் சொல்லிவிடலாம் என்று தள்ளிப்போட்டாள்.

வாசலுக்கு அரை மைல் இருக்கும்போது வைத்தி நடந்துகொண்டே முட்டி மடங்கி விழுந்தான். அதே நேரம் வானத்தில் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது.

ஆஸ்பத்திரியில் அவன் சிறுநீரகங்கள் தற்காலிகமாக நின்றுபோயிருப்பதாகச் சொன்னார்கள். சில வாரம் டயாலிசிஸ் செய்தால் திரும்ப வந்துவிடும் என்று டாக்டர் நம்பிக்கையாகப் பேசினார். அந்த நம்பிக்கையில் எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்று ஹெப்சிக்குத் தெரியும். காத்திருப்பு அறையின் நாற்காலியில், காகிதக் கோப்பையில் காப்பி ஆறிக்கொண்டிருக்க, அவள் நாயகத்திடமும் தில்ஷாத்திடமும் எல்லாவற்றையும் சொன்னாள். செடிகளிலிருந்து தொடங்கி முக்கால் பாட்டில் வரை.

நாயகம் நெடுநேரம் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அரை மூடி" என்றார். பிறகு எழுந்து வெளியே போய்விட்டார்.

தில்ஷாத் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நானும் பஸ்ல தண்ணி குடிக்க மாட்டேன்டி" என்று மட்டும் சொன்னாள்.

கம்பெனியில் வைத்திமேல் விசாரணை வந்தது. தலைவரின் தண்ணீர் காரணமில்லாமல் தீர்ந்திருக்கிறது, பொறுப்பின்மை என்று கருவியின் அறிக்கை சொன்னதாம். ஹெப்சி தன் சொந்த அறிக்கையை எடுத்துக்கொண்டு போய், பாட்டிலில் தண்ணீர் குறைந்த நேரங்களையும் அது திரும்ப நிறைந்த நேரத்தையும் காட்டி, எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அதை விட்டால் அவனுக்குச் சாட்சி வேறு இல்லை. விசாரணை முடிந்தது. தண்ணீரைக் கொட்டியதற்காக இனி ஐந்து வருடத்துக்கு எந்தப் பள்ளத்தாக்கிலும் அவளை விட மாட்டார்கள். அது நியாயம் என்றே அவளுக்குத் தோன்றியது. ஆனால் செய்த தப்பை ஒத்துக்கொண்டது மட்டும்தான் அது. அவன் செய்ததற்கு ஈடாக அவள் இன்னும் எதுவும் செய்யவில்லை.

ஒரு நாள் பேசும் தெம்பு வந்தபோது அவனிடம் கேட்டாள். "ஏன் தம்பி ஒரு வார்த்தை சொல்லல?"

"தலைவர் காதுக்கு மட்டும் எல்லார் உடம்பு விஷயமும் வரும்கா. உங்க உடம்பு காஞ்சுட்டே வருதுன்னு சொல்லிட்டே இருந்துச்சு. உங்களால நடக்க முடியாதுன்னுதான் எங்கள மட்டும் போகச் சொல்லுச்சு. வெளிய சொல்ல மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருந்தேன்."

"உயிர் போற நேரத்திலயும் கையெழுத்தா?"

அவன் சிரிக்க முயன்றான். "அது மட்டும் இல்ல. எங்க அம்மாவும் பஸ் ஏறினா தண்ணி குடிக்க மாட்டாங்க. அத எப்படி அண்ணன் முன்னாடி உங்ககிட்ட கேக்குறது? தூங்குறப்ப ஊத்தி வச்சா, கிளம்புற அவசரத்துல ஒரு வாயாவது குடிப்பீங்கன்னு நெனச்சேன்."

"இது அந்தக் கருவிக்குப் புரியாதா?"

"பாட்டில்ல தண்ணி குறைஞ்சதும் கூடினதும் அதுக்குத் தெரியும்கா. ஒருத்தர் தன்னோடத இன்னொருத்தருக்குக் குடுப்பார்னு அதுல இடமே வைக்கல. செஞ்சது நாங்கதான். எங்களுக்குத் தோணவே இல்ல."

அதற்கடுத்த வாரம் புதன்கிழமை ஹெப்சிக்கு விடுமுறை. மதியம் அவன் வார்டுக்குப் போனாள். அது அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி அல்ல. பார்வையாளர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தபோது டயாலிசிஸ் தொடங்கியிருந்தது. வைத்தி அயர்ந்து தூங்கினான். அறையில் வேறு யாரும் இல்லை. எட்டு அறைகளுக்கு ஒரு நர்ஸ். அவர் எங்கோ கணினித் திரைக்கு முன்னால் இருப்பார்.

குழாய் கழுத்தில் இருந்தது. தூக்கத்தில் அவன் தலை இடப்பக்கம் சரிந்ததும் குழாய் மடங்கி, இயந்திரம் கீச்சிட்டது. அவன் திடுக்கிட்டு அரைக்கண் விழித்து, தலையை நேராக்கிக்கொண்டு மறுபடி தூங்கினான். ஐந்து நிமிடத்தில் மறுபடி சரிவு, மறுபடி கீச்சொலி. இப்படியே நான்கு மணி நேரமும் ஓடும் என்று அவளுக்குத் தெரியும். டயாலிசிஸ் முடியும்போது நோயாளிகள் களைத்து அழுதுவிடுவதையும் அவள் பார்த்திருக்கிறாள்.

துண்டைச் சுருட்டி முட்டுக் கொடுத்தாள். அது நழுவியது. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, துண்டை உள்ளங்கையில் மடித்து வைத்து, அவன் கன்னத்தோரம் கையை அண்டக் கொடுத்தாள். தலை சரிந்து வந்து அவள் கையில் நின்றது. இயந்திரம் சத்தமில்லாமல் ஓடியது.

ஒரு மணி நேரத்தில் கை மரத்தது. இரண்டாவது மணியில் தோள் வலித்தது. மாற்றுக் கை கொடுத்தால் அவன் விழித்துவிடக்கூடும் என்று அப்படியே இருந்தாள். ஜபம் எதுவும் சொல்லத் தோன்றவில்லை. அவன் மூச்சு சீராக வந்து போவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

முடிவதற்கு ஐந்து நிமிடம் இருக்கையில், கையை மெல்ல உருவிக்கொண்டு, நாற்காலியைப் பழைய இடத்தில் தள்ளிவிட்டு வெளியே போனாள். நர்ஸ் வந்து இயந்திரத்தை நிறுத்தி, திரையில் தானாக வந்திருந்த குறிப்பைப் படித்துப் பார்த்து, சரி என்று அழுத்தினார். நோயாளி ஏறத்தாழ நான்கு மணி நேரமும் அசையாமல் நன்றாகத் தூங்கினார் என்று அதில் இருந்தது.